எங்கள் தெருவிலேயே எல்லாப் பாடமும்

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். பயந்த ஆள் இல்லை என்று என்னைப் பற்றி நானே ஊரெல்லாம் சொல்லிக்கொள்வேன். பிரேக் எது, ஆக்சிலரேட்டர் எது என்று தெரியாத மனிதர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, உயிரை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, "நல்லா போறீங்க, அப்படியே போங்க" என்று சிரித்த முகமாகச் சொல்வதுதான் என் பிழைப்பு. என் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கிறது என்பது உண்மைதான். அது மட்டும் இல்லாவிட்டால் எந்தப் பைத்தியக்காரனும் இந்தத் தொழிலுக்கு வரமாட்டான்.

அப்பேர்ப்பட்ட எனக்கு, என் மனைவி அந்தச் செய்தியைச் சொன்ன அன்று கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். வீட்டில் பேர் சொல்லிக் கூப்பிடுகிற பழக்கமெல்லாம் எப்போதோ போய்விட்டது. பெரியது, சின்னது, அவ்வளவுதான். பெரியது பெண், பதின்மூன்று வயது. சின்னது பையன், ஐந்து வயது. சின்னதுக்கு மூச்சிரைப்பு உண்டு. நன்றாக ஓடியாடிக்கொண்டிருப்பான். காற்று மாறினால், தூசி கிளம்பினால், சில நாள் ஒன்றுமே இல்லாமல்கூட, நெஞ்சுக்குள் விசில் கேட்க ஆரம்பித்துவிடும். அவனுக்காகத்தான் என் மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டாள். விட்டதைப் பற்றி ஒரு நாளும் வாய் திறந்து குறை சொன்னதில்லை. ஆனால் யாராவது உடம்பு சரியில்லை என்று வந்தால் அவர்கள் கை நரம்பையே பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தப் பார்வையிலேயே எனக்குப் புரியும்.

"மறுபடி வரச் சொல்றாங்க" என்றாள் அன்றைக்கு, பாத்திரம் கழுவிக்கொண்டே. "மத்தியான ஷிப்ட்."

"புள்ளைங்கள யாரு பாத்துக்கறது?"

"பெரியவ ஸ்கூல் விட்டு வரும்போது தம்பியையும் கூட்டிட்டு வந்துருவா. இருட்டறதுக்குள்ள நான் வந்துருவேன்."

"பெரியவளா? அவளே ஒரு சின்னப் புள்ள."

"பதிமூணு வயசு ஆச்சுங்க."

"பதிமூணு வயசுல எனக்கு செருப்ப இடம் வலம் பாத்துப் போடத் தெரியாது."

"இப்ப மட்டும்?" என்றாள் அவள்.

எனக்குக் கோபம் சுருக்கென்று வரும். வந்தது. என் தொழிலையே சாட்சிக்குக் கூப்பிட்டேன். "பதிமூணு வயசுப் புள்ளைய ஸ்டியரிங்கத் தொடவே விடமாட்டாங்க, தெரியுமில்ல? ஏன்? கால் எட்டாதுன்னா? கால் எட்டும். புத்தி எட்டாது."

"உங்ககிட்ட வர்ற நாப்பது வயசுக்காரங்களுக்கெல்லாம் புத்தி எட்டுதாக்கும். தினம் வந்து நீங்கதான பொலம்பறீங்க."

பெரியது மேஜையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். எழுதுகிற மாதிரி பாவனை. காது இரண்டும் எங்கள் பக்கம்தான் இருந்தது. ஆள் வைத்துப் பார்க்கலாம் என்றேன். முன்பு ஒரு அம்மாவை வைத்தோமே, சின்னது அவரைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டானே, அதை நினைவுபடுத்தினாள். கடைசியில், தோற்கிறவன் வாயில் என்ன வருமோ அது வந்தது.

"சரி, போ. ஆனா ஒண்ணு. ஒரே ஒரு நாள் ஏதாவது ஆச்சுன்னாலும் மறுநாளே வேலைய விட்ரணும். சம்மதமா?"

அவள் குழாயை மூடினாள். கழுவிய தட்டைக் கவிழ்த்து வைத்தாள். "சம்மதம்" என்றாள்.

"சம்மதம்ப்பா" என்று மேஜையிலிருந்தும் ஒரு குரல் வந்தது. அவளை யாரும் கேட்கவேயில்லை.

அந்த வாரமே அம்மாவும் பெண்ணும் பாடத்தை ஆரம்பித்தார்கள். நீல நிற இன்ஹேலரை நன்றாகக் குலுக்க வேண்டும். அதைப் பிளாஸ்டிக் குழாயில் பொருத்த வேண்டும். குழாயின் மறுமுனையில் இருக்கிற மாஸ்க் சின்னதின் மூக்கையும் வாயையும் இடுக்கு விடாமல் மூட வேண்டும். ஒரு முறை அழுத்தி, ஐந்து மூச்சு. பிறகு மறுபடி குலுக்கி, மறுபடி அழுத்தி. பிள்ளையை உட்கார வைத்துத்தான் கொடுக்க வேண்டும், படுக்க வைக்கவே கூடாது. பத்து முறை கொடுத்தும் அடங்கவில்லை என்றால் ஆம்புலன்ஸ். மனைவி சொல்லச் சொல்லப் பெரியது கேட்டுக்கொண்டாள். எழுதிக்கொள்ளக்கூட இல்லை. மறுநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டே முழுவதையும் ஒப்பித்தாள். அவள் சமர்த்து என்பதில் எனக்கு எப்போதும் சந்தேகம் இருந்ததில்லை. ஆனால் சமர்த்தான பிள்ளையும் பிள்ளைதானே என்பதுதான் என் வழக்கு.

மனைவி வேலைக்குப் போன முதல் நாள் ஃபோன் பண்ணிக் கேட்டேன். "எல்லாம் நல்லாருக்குப்பா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டேன். "எல்லாம் நல்லாருக்குப்பா." கூரை இடிந்து விழுந்துகொண்டிருந்தாலும் இந்தப் பெண் இதையேதான் சொல்லும் என்று எனக்குப் பட்டது. கண்ணால் பார்த்தால்தான் மனசு ஆறும்.

அங்கேதான் என் தொழில் எனக்குக் கைகொடுத்தது. வண்டி என்னுடையது, வழி சொல்கிறவன் நான். நாலு மணிக்கு மேல் என்னிடம் பாடத்துக்கு வருகிற அத்தனை பேரையும் எங்கள் தெரு வழியாகவே ஓட்ட வைத்தேன். எங்கள் வீடு முதல் மாடியில், தெருவைப் பார்த்த பெரிய ஜன்னலோடு இருக்கிறது. வீட்டருகே வரும்போது "இங்க குழந்தைங்க நடமாடற எடம், மெதுவா போங்க" என்பேன். நடக்கிற ஆள் முந்திக்கொண்டு போகிற வேகத்தில் வண்டி போகும். நான் தலையை வெளியே நீட்டி ஜன்னலைப் பார்ப்பேன்.

எத்தனை நாளைக்கு இது செல்லும்? தொழிலை விட்டு ஓய்ந்த காலத்தில் கார் கற்றுக்கொள்ள வந்த ஒரு தையல்காரர், ரொம்ப மரியாதையானவர், ஒரு நாள் தயங்கித் தயங்கிக் கேட்டார். "சார், தப்பா நெனச்சுக்காதீங்க. இந்தத் தெருவத் தவிர வேற தெருவுலயும் இந்த வண்டி ஓடுமா?" எங்கள் வீட்டுக்கு எதிரே பேக்கரி வைத்திருப்பவர் இன்னும் ஒரு படி மேலே போனார். "ரிவர்ஸ் எடுக்கறதையும் நம்ம கடை வாசல்லயே வெச்சுக்கலாமே சார்" என்றார். கல்யாணத்துக்குள் லைசென்ஸ் எடுத்தாக வேண்டும் என்று தலைகீழாய் நின்ற ஒரு மாப்பிள்ளைப் பையனுக்கு எங்கள் தெருவில் இருக்கிற பள்ளம் மேடு எல்லாம் மனப்பாடம். டெஸ்டை எங்கள் தெருவில் வைத்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு தேறியிருப்பான்.

நான் ஜன்னலில் கண்டதெல்லாம் நல்லதாகவே இருந்தது. ஒரு நாள் தம்பிக்குக் கதை படித்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் இரண்டும் பாட்டுப் போட்டு ஆடிக்கொண்டிருந்தன. ஒரு நாள் அவள் இடுப்பில் கை வைத்து, விரலை ஆட்டி அவனைத் திட்டிக்கொண்டிருந்தாள். அப்படியே அவள் அம்மா. எனக்கே ஒரு நொடி முதுகு நிமிர்ந்தது. இன்னொரு நாள் அவள் சிநேகிதிகள் சைக்கிளில் வந்து கீழே நின்று, இறகுப்பந்து மட்டையைக் காட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் ஜன்னலில் நின்று தலையை ஆட்டி மாட்டேன் என்றாள். அவர்கள் போய்விட்டார்கள். பொறுப்பான பிள்ளை என்று நான் மனசுக்குள் மெச்சிக்கொண்டு, வண்டியைத் திருப்பச் சொன்னேன்.

அந்த நாள் வந்தபோது ஸ்டியரிங்கில் இருந்தவர் ஒரு கணக்கு டீச்சர். நல்ல மனுஷி. வண்டி ஓட்டும்போது மட்டும் ஸ்டியரிங்கைக் கீழே விழுந்துவிடப் போகிற மாதிரி இறுக்கிப் பிடித்துக்கொள்வார். மழைக்கு முந்தைய காற்று, தெருவில் இருந்த குப்பையெல்லாம் வட்டமடித்துக்கொண்டிருந்தது. அந்தக் காற்று எனக்குப் பிடிக்கவில்லை. "கொஞ்சம் வேகமா போலாம் டீச்சர்" என்றேன். என் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவர் கேட்டது அதுதான் முதல் முறை.

வீட்டருகே வந்ததும் மேலே பார்த்தேன். பெரியது ஜன்னலைக் கடந்து ஓடினாள். கையில் நீலமாக ஏதோ இருந்தது.

என் பக்கத்துப் பிரேக்கை மிதித்தேன். வண்டி குலுங்கி அணைந்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுக் கதவைத் திறந்து இறங்கினேன். "சார், நான் என்ன பண்ணட்டும்?" என்று டீச்சர் கேட்டது காதில் விழுந்தது. நடுத்தெருவில், பழகுகிற ஒருவரை வண்டியோடு விட்டுவிட்டுப் போகக் கூடாது என்று புதிதாக வருகிற பயிற்சியாளர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவனே நான்தான். ஓடிப்போய் மாடிப்படி ஏறினேன்.

சின்னது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். தோள் இரண்டும் காதுவரை ஏறி ஏறி இறங்கின. கழுத்துக் குழி உள்ளே இழுத்துக்கொண்டு போயிற்று. பெரியது அவன் முன்னால் மண்டியிட்டுக் குழாயைப் பிடித்திருந்தாள்.

நான் என்னென்ன சொன்னேன் என்று எனக்குச் சரியாக நினைவில்லை. "என்னாச்சு? ஏன் எனக்குச் சொல்லல? மொதல்ல அவனப் படுக்க வை" என்று கத்தினேன் என்பது நினைவிருக்கிறது. படுக்க வைக்கவே கூடாது என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். சின்னது என் முகத்தைப் பார்த்தான். அதுவரை அழாதவன் உதட்டைப் பிதுக்கி அழ ஆரம்பித்தான். மாஸ்க் நழுவியது. அழ மூச்சு வேண்டுமே, அதுவும் இல்லாமல் இருமினான்.

பெரியது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அப்பா, நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க" என்றாள்.

"நான் உங்கப்பன்டி."

"தெரியும்ப்பா. நீங்க கத்தினா அவனுக்கு மூச்சு வராது. வெளிய நில்லுங்க."

என் வாழ்க்கையில் என்னை இப்படி யாரும் வெளியே அனுப்பியதில்லை. போனேன். போகத்தான் வேண்டியிருந்தது. படியில் உட்கார்ந்தேன். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே அவள் குரல் மட்டும் கேட்டது.

"டேய், அப்பா போயாச்சு. அடுத்த பஸ் வருது, பாரு. கதவு தொறக்கப் போவுது." குலுக்குகிற சத்தம். பிறகு அழுத்துகிற சத்தம். "ஏறு. ஒருத்தர் ஏறியாச்சு. ரெண்டாவது ஆள் குண்டு மாமா, படியில ஏற முடியல, மெதுவா இழு, மெதுவா. ஏறிட்டாரா? அடுத்தது யாரு? பையோட ஒரு அக்கா. நாலாவது ஆளு ஓடி வருது, அவசரப்படாத, பஸ் நிக்கும். அஞ்சு. சரி, ரைட், போலாம்."

இந்தப் பஸ் கதையை என் மனைவி சொல்லிக் கொடுக்கவில்லை. டாக்டரும் சொல்லவில்லை. தம்பி மூச்சை எண்ணும் போதே பயந்துவிடுகிறான் என்று கண்டுபிடித்து, அவளாகவே உண்டாக்கியிருக்கிறாள். ஒவ்வொரு பஸ்ஸாக வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு பஸ்ஸிலும் குண்டு மாமா ஏறினார். நான் படியில் உட்கார்ந்து அந்த மனிதரை வேண்டிக்கொண்டேன். ஏறுங்கள் மாமா, எப்படியாவது ஏறிவிடுங்கள் என்று.

டீச்சர் படியேறி வந்தார். கையில் என் வண்டிச் சாவி. "ஓரங்கட்டிட்டேன் சார். பேக்கரி சுவத்துல லேசா உரசிட்டுது" என்றார், அழப்போகிற குரலில்.

"பரவால்ல டீச்சர்."

உள்ளே நடப்பது அவருக்கும் கேட்டது. ஒன்றும் விசாரிக்காமல் எனக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "உங்க பொண்ணா? எந்த கிளாஸ்?" என்றார்.

"எட்டாவது."

"எட்டாவதா" என்றார். "எங்கிட்ட ஒரு ரூம் நெறைய எட்டாவதுங்க இருக்கு. பென்சில் தொலைஞ்சா அழுவுதுங்க."

"இவளும் அழுவா" என்றேன். சொன்ன பிறகுதான், அவள் அழுது நான் பார்த்து வெகுநாள் ஆயிற்று என்று தோன்றியது.

அப்போது உள்ளேயிருந்து சின்னதின் குரல், கரகரவென்று, ஆனால் முழு வாக்கியமாக வந்தது. "அக்கா, குண்டு மாமா எப்ப எறங்குவாரு?" எனக்கு உயிர் வந்தது. டீச்சர் சாவியை என் கையில் வைத்துவிட்டு, மிச்சப் பாடத்தை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

நான் உள்ளே போனபோது சின்னது தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். தோள் இறங்கியிருந்தது. அவனை மடியில் வைத்து நெஞ்சில் காது வைத்துக் கேட்டேன். விசில் இருந்தது, ஆனால் தூரத்தில் போய்விட்டது. பெரியது குழாயைக் கழுவித் துணியில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இந்தப் பெருமையை என்ன செய்வது என்று தெரியாமல், எனக்குத் தெரிந்த மிகப் பெரிய மரியாதையை அவளுக்குச் செய்ய நினைத்தேன். நன்றாக ஓட்டக் கற்றுக்கொண்டவர்களுக்குக் கடைசி நாளில் நான் சொல்வது அதுதான்.

"இனிமே உனக்கு நான் வேண்டாம்" என்றேன். "இவ்வளவு நாள் வண்டிய இந்தப் பக்கமாவே விட்டு உன்ன வேவு பாத்துட்டு இருந்தேன். தப்பு. நாளையிலேருந்து இந்தத் தெரு பக்கமே வரமாட்டேன். உன்ன முழுசா நம்பறேன்."

துள்ளிக் குதிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முகத்தில் இருந்ததெல்லாம் ஒன்றொன்றாக வடிந்தது. "சரிப்பா" என்றாள். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது.

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. எங்கள் வீட்டில் குழாயைச் சும்மா ஓடவிட்டால் முதலில் சத்தம் போடுகிறவள் அவள்தான். சின்னதைப் பொம்மைகளோடு உட்கார வைத்துவிட்டுப் போய்க் கதவருகே நின்றேன். தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே விக்கல் மாதிரி ஒன்று கேட்டது.

"கண்ணு" என்றேன். தரையில் உட்கார்ந்து கதவில் சாய்ந்துகொண்டேன். "கண்ணு, அப்பா கத்தினதுக்கா?"

"இல்ல."

"வெளிய போங்கன்னு சொன்னதுக்கா? நான் கோவிச்சுக்கவே இல்ல. நீ சொன்னதுதான் சரி."

"இல்லப்பா." தண்ணீர் நின்றது. "நீங்க வராம இருக்காதீங்க."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கதவு திறந்தது. முகமெல்லாம் ஈரம், மூக்கு சிவந்திருந்தது. பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"நான் வண்டியில போறது உனக்குத் தெரியுமா?"

அழுகைக்கு நடுவிலும் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "மஞ்சக் கலர்ல, மேல போர்டு வெச்சுக்கிட்டு, தலைய வெளிய நீட்டிக்கிட்டுப் போறீங்க. தெருவுக்கே தெரியும்ப்பா."

"பின்ன ஏன் சொல்லல?"

"சொன்னா வர்றத நிறுத்திருவீங்கன்னுதான். தம்பிக்கு முடியாதப்போ, அப்பா வண்டி வர்ற வரைக்கும் சமாளிச்சாப் போதும்னு நெனச்சுக்குவேன். வந்துட்டுப் போனா, அடுத்த தடவ வர்ற வரைக்கும்னு நெனச்சுக்குவேன்." மூக்கை உறிஞ்சினாள். "அம்மாகிட்ட சொல்லாதீங்கப்பா. அம்மா வேலை போயிரும்."

"முடியாதப்போன்னா? இன்னிக்கி மட்டும்தான?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "போன வாரமும் வந்துச்சு. இன்னிக்கி விட ஜாஸ்தி. தையல்காரத் தாத்தா அப்ப ஓட்டிட்டு வந்தாரு. வண்டிச் சத்தம் கேட்டு ஜன்னல் வரைக்கும் வந்தேன். அப்பான்னு ஒரு தடவ கூப்பிட்டாப் போதும். வாய் வரைக்கும் வந்துச்சு. அப்புறம் அம்மா வேலைய நெனச்சேன். திரும்பிப் போயிட்டேன்."

எனக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. நான் மேலே பார்த்தேன். ஜன்னலில் அவள் முகம் தெரிந்தது. பார், எவ்வளவு சமர்த்தாக நிற்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, தையல்காரரிடம் "லெஃப்ட்ல ஒதுங்கிப் போங்க" என்றேன்.

"பயமா இருந்துச்சா?"

"ரொம்ப. கை நடுங்கிச்சு. தம்பி பாத்தா அவனும் பயப்படுவான்ல. அதான் ஒரு கைய அக்குள்ள இடுக்கி வெச்சுக்கிட்டேன்."

நான் அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன். கால் நீண்டுவிட்டது, மடிக்குள் அடங்கவில்லை. பாதி தரையிலும் பாதி என்மேலுமாகக் கிடந்து அழுதாள். பதின்மூன்று வயதில் பொறுப்பு வருமா என்று அத்தனை வாதாடினேனே. வந்திருந்தது. பெரியவர்களுக்கே வராத அளவுக்கு வந்திருந்தது. தம்பியை அவள் தாங்கிவிட்டாள். கோபத்தில் நான் அவள் அம்மாவுக்குப் போட்ட நிபந்தனையையும் சேர்த்துத் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். என் பிள்ளை என்னைக் கூப்பிட வந்துவிட்டுக் கூப்பிடாமல் திரும்பிப் போனாள் என்பதைவிட ஒரு தகப்பனுக்கு வேறு என்ன தண்டனை இருக்கிறது?

"உங்கம்மாகிட்ட நான் சொல்லத்தான் போறேன்" என்றேன். "வேலை போகாது. அதுக்கு நான் பொறுப்பு."

மனைவி வந்ததும் பையைக்கூடக் கீழே வைக்கவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். நான் கத்தியதையும் சேர்த்துத்தான். அவள் முதலில் சின்னதின் நெஞ்சில் காது வைத்தாள். பிறகு பெரியதின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவளுடைய வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

"நான் விட்டுர்றேன்" என்றாள்.

பெரியதின் முகம் மறுபடி வடிய ஆரம்பித்தது. நான் குறுக்கே விழுந்தேன். "யாரும் எதையும் விட வேண்டாம். அன்னிக்கி சொன்னத நான் வாபஸ் வாங்கிக்கறேன்."

"கல்யாணம் ஆனதுலேருந்து நீங்க வாபஸ் வாங்கறது இதான் மொதல் தடவ" என்றாள் மனைவி. அந்த நேரத்திலும் அதைச் சொல்லாமல் விடவில்லை.

அன்றைக்கு உட்கார்ந்து பேசினோம், நாலு பேருமாக. சின்னது தூங்கிவிட்டதால் மூன்று பேர் என்றுதான் சொல்ல வேண்டும். வாரத்தில் பாதி நாள் நான் நாலு மணிக்கு மேல் பாடம் எடுக்கப்போவதில்லை, வீட்டில் இருப்பேன். அந்த நாட்களில் பெரியது மட்டையை எடுத்துக்கொண்டு சிநேகிதிகளோடு போகட்டும். மிச்ச நாட்களில் வழக்கம்போல வண்டி இந்தத் தெருவில்தான் வரும். தையல்காரரும் பேக்கரிக்காரரும் என்ன கிண்டல் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும். பெரியது எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஒண்ணும் ஆகாம, சும்மா பயமா மட்டும் இருந்தா?"

"அப்பவும் கூப்பிடு" என்றாள் அவள் அம்மா. "அதுக்குத்தான் மொதல்ல கூப்பிடணும்."

சரி என்று தலையை ஆட்டினாள். அவள் தலையாட்டுவதை நம்பக்கூடாது என்று எனக்கு இப்போது தெரியும். "எல்லாம் நல்லாருக்குப்பா" என்று சொல்லிப் பழகிய பிள்ளை. நாங்கள் சொன்னதை அவள் நம்பினாளா என்று அறிந்துகொள்ள எனக்கு வழியே இல்லை. அடுத்த சில நாட்கள் வண்டி தெருவில் போனபோதெல்லாம் ஜன்னலைப் பார்த்தேன். அவள் நின்றாள். இப்போது ஒளிவு மறைவு இல்லை, கையைக்கூட ஆட்டினாள். வாயை மட்டும் திறக்கவில்லை. கூப்பிடவில்லை என்றால் ஒன்றும் இல்லை என்று அர்த்தமா, இல்லை மறுபடி விழுங்கிக்கொண்டாள் என்று அர்த்தமா? படியேறிப் போய்ப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. இரண்டும் கேரம் ஆடிக்கொண்டிருக்கும்.

அப்புறம் ஒரு நாள், டீச்சர்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். பேக்கரிச் சுவரை நெருங்கும்போது மட்டும் மூச்சைப் பிடித்துக்கொள்வார். அதைத் தாண்டி எங்கள் ஜன்னலுக்குக் கீழே வந்தோம்.

"அப்பா."

சத்தமாகத்தான் கூப்பிட்டாள். பேக்கரியில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். என் கால் பிரேக்கைத் தேடுவதற்குள் டீச்சரே வண்டியை நிறுத்திவிட்டார். கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தேன். மேலே பார்த்தேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் பக்கத்தில் சின்னதின் தலையும் தெரிந்தது. வாயில் ரொட்டியை அடைத்துக்கொண்டு, மூச்சுக்கு ஒரு குறையும் இல்லாமல் மென்றுகொண்டிருந்தான்.

"என்னம்மா? என்னாச்சு?"

அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. கம்பியில் முகத்தைப் பாதி மறைத்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லப்பா. சும்மா கூப்பிட்டுப் பாத்தேன்."

"கூப்பிடு" என்றேன். "எத்தன தடவ வேணும்னாலும் கூப்பிடு."

அவள் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் வண்டியில் உட்கார்ந்து கதவைச் சாத்தினேன். அடுத்து எங்கே போக வேண்டும் என்று டீச்சர் கேட்டார். வலது பக்கமா, இடது பக்கமா என்று எனக்கே தெரியவில்லை. "கொஞ்ச நேரம் இங்கயே நிப்போம் டீச்சர்" என்றேன். அவர் சரி என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.